ஆறாவது எங்கே படித்தாய்? ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்த மூன்றாம் நாள், தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சப்பைக்குள் மார்க் பட்டியல், ஆதார், குடும்ப அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு பத்திரமாக இருந்தன. "அண்ணே, பிள்ள நானூத்தி எண்பது எடுத்திருக்கு. மாசம் ஆயிரம் ரூவா கிடைக்க இது போதுமா?" என்று கேட்டார்.

நான் மார்க் பட்டியலைப் பிரிக்கவே இல்லை. "ஆறாவது எங்கம்மா படிச்ச?" என்று பிள்ளையிடம் கேட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. கல்லூரிக்குப் போகிற பிள்ளையிடம் ஆறாவதைப் பற்றி என்ன கேள்வி என்று நினைத்திருப்பார்.

ஆனால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் வருமா வராதா என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது. மதிப்பெண், சாதி, வருமானம் என்று மூன்றையும் சுற்றியே உதவித்தொகையைப் பேசிப் பழகிவிட்டோம். 2022-க்குப் பிறகு, எந்தப் பள்ளியில் எந்த மொழி வழியில் படித்தாய் என்பது முதல் கேள்வியாகிவிட்டது. பாம்பன் முதல் தொண்டி வரை, அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை, வருடா வருடம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமும் அதுதான்.

விதி எப்படி மாறியது

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பிறகு தொகை கூடியது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கடைசியில் பத்தாவது படித்தவருக்கு 25,000, பட்டம் அல்லது பட்டயம் வாங்கியவருக்கு 50,000, கூடவே 8 கிராம் தங்கம் என்று நின்றது. பெண்ணைப் படிக்கவைக்க அது ஒரு தூண்டுதல்தான். ஆனால் காசு கைக்கு வருவது கல்யாணத்தில். படிக்கும்போது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அதில் ஒரு பைசா கிடையாது.

2022-இல் அதே அம்மையார் பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. செப்டம்பர் 5 அன்று சென்னையில் தொடங்கிய அதைத்தான் புதுமைப் பெண் என்கிறோம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப்படிப்போ பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். மதிப்பெண் வரம்பு இல்லை, வருமான வரம்பு இல்லை, சாதி பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் மூன்று பெண்கள் படித்தால் மூன்று பேருக்கும் உண்டு.

2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூரில் தமிழ்ப் புதல்வன் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கும் அதே 1,000. இதில் தொடக்கத்திலேயே அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இதனால் சில மாதங்களுக்கு ஒரு வேடிக்கையான நிலைமை இருந்தது. ஒரே உதவி பெறும் பள்ளியில், ஒரே தமிழ்வழியில் படித்த அண்ணனுக்குப் பணம் உண்டு, தங்கைக்கு இல்லை. 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் புதுமைப் பெண் திட்டம் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழிப் பெண்களுக்கும் விரிந்த பிறகுதான் அது நேரானது.

இந்தக் கடைசி மாற்றம் நம் கரைக்குப் பெரிய விஷயம். இங்கே தேவாலயங்கள் நடத்தும் பள்ளிகள், முஸ்லிம் அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகள் என உதவி பெறும் பள்ளிகள் கணிசமாக உண்டு. பெண்பிள்ளையைப் பக்கத்திலேயே, தெரிந்தவர்கள் நடத்தும் பள்ளியில் சேர்ப்பது இங்கே இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். 2022-இல் அந்தப் பெண்களில் பலர் "நமக்குக் கிடையாதாம்" என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதே பழைய தகவலை இன்னமும் நம்பிக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருக்கிற வீடுகளைப் பார்க்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

முதல் படி: ஏழு வரி எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் 6, 7, 8, 9, 10, 11, 12 என்று ஏழு வரி போடுங்கள். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் பள்ளியின் பெயர், அது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியார் பள்ளியா, தமிழ்வழியா ஆங்கிலவழியா. பிள்ளை ஞாபகத்தில் எழுதினால் போதாது, மாற்றுச் சான்றிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஏழு வரியும் அரசுப் பள்ளி என்றால் கவலையே இல்லை. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாமே அரசுப் பள்ளிக் கணக்குதான். "அது யூனியன் ஸ்கூல்தானே, கவர்மெண்ட் ஸ்கூல் இல்லையே" என்று ஒரு தகப்பனார் என்னிடம் வாதாடினார். சந்தேகமே வேண்டாம், அதுவும் சேரும். அரசுப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவில் படித்திருந்தாலும் தடையில்லை.

ஏழு வரியில் சிலது அரசு, சிலது உதவி பெறும் பள்ளி என்றால், உதவி பெறும் பள்ளியின் வரிகளை மட்டும் தனியாகப் பாருங்கள். அங்கே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பல உதவி பெறும் பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் நடக்கும். சீருடை ஒன்று, வாசல் ஒன்று, பிரேயர் ஒன்று. அரசின் கணக்கில் மட்டும் அது வேறு. ஒன்பதாவதில் "இங்கிலீஷ் மீடியம் மாத்திக்கலாமே" என்று அந்தப் பிரிவுக்குப் போன பிள்ளைக்கு இப்போது சிக்கல்.

தனியார் பள்ளி வரி ஒன்று இருந்தாலே பொதுவாகக் கதை முடிந்தது. ஒரு விதிவிலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அந்த இடத்தில்தான் சேர்ந்தோம் என்பதற்குப் பள்ளி தரும் சான்று வேண்டும். ஃபீஸ் கட்டி ஏழாவது வரை மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு எட்டாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இது பொருந்தாது.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், ஊர் மாறிப் படித்தவர்கள். தகப்பனார் கேரளத்தில் தொழிலுக்குப் போனார், குடும்பமும் கூடப் போனது, பிள்ளை இரண்டு வருடம் அங்கே படித்தது. விதி தமிழ்நாட்டுப் பள்ளிகளைத்தான் சொல்கிறது. அங்கேயும் அரசுப் பள்ளிதானே என்ற வாதம் எடுபடாது. இதை ஜூலையில் கல்லூரியில் போய்த் தெரிந்துகொள்வதைவிட மே மாதமே தெரிந்துகொண்டால், வேறு உதவித்தொகையைத் தேட நேரம் கிடைக்கும்.

எட்டாவதோ பத்தாவதோ முடித்து ஐடிஐ, பாலிடெக்னிக் போகிறவர்களுக்கு அந்த வகுப்பு வரைக்குமான வரிகள் போதும். தொலைநிலைக் கல்வி, அஞ்சல்வழிக்கு இந்த 1,000 இல்லை. ஒரு பட்டம் முடித்துவிட்டு இரண்டாவதாக இன்னொன்று படிப்பவர்களுக்கும் இல்லை.

இரண்டாம் படி: எது எதோடு சேரும்

இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டும் மற்ற உதவித்தொகையை விரட்டுவதில்லை. நீங்கள் வேறு எது வாங்கினாலும் இந்த 1,000 தனியாக வரும். ஆனால் மற்ற எல்லாத் திட்டங்களும் இவ்வளவு தாராளம் இல்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் என்றால் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் கல்லூரியிலோ மூன்றாண்டுப் பட்டம் படித்தால் உதவித்தொகைக்கு வருமான வரம்பே இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்குத்தான் 2.5 லட்சம் என்ற வரம்பு. இந்த வித்தியாசம் தெரியாமல், "வாப்பா சவூதியில இருக்காங்க, அதனால நமக்குக் கிடைக்காது" என்று பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் பல பிள்ளைகள் விண்ணப்பமே போடுவதில்லை. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிக்கிற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைக்கு வாப்பாவின் சம்பளம் ஒரு தடையே இல்லை.

முதல் பட்டதாரிச் சலுகை தனி. இதற்குச் சாதியும் இல்லை, வருமானமும் இல்லை. வீட்டில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணச் சலுகை கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அஞ்சல்வழியில் பட்டம் வாங்கிய அண்ணன் இருந்தாலும் அவர் பட்டதாரிதான், அதை மறைக்க வேண்டாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-இலும் வந்தது அது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஆனால் அது அரசுப் பள்ளிக்கு மட்டும். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு 1,000 ரூபாய் வந்துவிட்டதால் 7.5 சதவீதமும் வந்துவிட்டது என்று நினைத்து, கலந்தாய்வில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரும் உதவித்தொகை என்றால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைதான் முக்கியமானது. தம் தேர்வு வாரியத்தில் மேல் 20 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கானது இது. இதிலும் விதி மாறியிருக்கிறது. முன்பு குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம், இப்போது 4.5 லட்சம்தான். தொகை மட்டும் 2022-23 முதல் ஆண்டுக்கு 10,000-லிருந்து 12,000 ஆனது. ஒவ்வொரு வருடமும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். இடங்களில் பாதி பெண்களுக்கு.

இதில் ஒரு முள் இருக்கிறது. மாநில அரசுத் திட்டங்கள் உட்பட வேறு எந்த உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்கள் இதை வாங்கக் கூடாது. இப்போது கணக்குப் பாருங்கள். புதுமைப் பெண் ஆண்டுக்கு 12,000, இதுவும் ஆண்டுக்கு 12,000. அதற்கு மதிப்பெண் தேவையில்லை, இதற்கு வருடா வருடம் தேவை. அதோடு போஸ்ட் மெட்ரிக் சேரும், இதோடு எதுவும் சேராது. ஆகவே, ஏழு வரியும் சரியாக இருக்கிற பிள்ளை எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் மாநிலத் திட்டத்தையே பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் நான் சொல்வேன். ஏழு வரி சரியில்லாத, ஆனால் நன்றாக மதிப்பெண் எடுத்த மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கு மத்திய உதவித்தொகை சரியான இடம். தங்கச்சிமடத்து அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்ப நானூத்தி எண்பது எடுத்தும் பிரயோசனம் இல்லையாண்ணே?" என்றார். கல்லூரியில் நல்ல இடம் கிடைக்க அந்த மதிப்பெண்தான் வேண்டும் என்று சமாதானம் சொன்னேன். முழுக்கச் சமாதானம் ஆகவில்லை.

தகப்பனாரோ தாயாரோ மீனவர் நலவாரிய உறுப்பினர் என்றால், பிள்ளையின் படிப்புக்கு வாரியமும் உதவித்தொகை தருகிறது. அட்டையை எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். 2007-இல் தொடங்கிய வாரியம். அட்டை இருந்தும் அதில் படிப்புக்கு உதவி உண்டு என்பது தெரியாத வீடுகள் நிறைய.

மூன்றாம் படி: தடைக்காலத்தில் சான்றிதழ்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பிளஸ் டூ முடிவும் பெரும்பாலும் மே மாதம் அதற்கு நடுவில்தான் வருகிறது. வலை பின்னுவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் போக, வீட்டு ஆண்களுக்கு நேரம் கிடைக்கிற ஒரே காலம் இது. சான்றிதழ் வேலைகளை இந்த நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஜூன் 15-க்குப் பிறகு அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டால், கையெழுத்துக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடு. நாட்டுப்படகு, வல்லத்துக்குத் தடை கிடையாது என்பதால் அந்த வீடுகளில் தாய்மார்கள்தான் அலைய வேண்டியிருக்கிறது.

வேண்டியவை இவை. சாதிச் சான்றிதழ், பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கேன் எண் என்கிற இ-சேவைப் பதிவு எண்ணை ஒருமுறை எடுத்துவிட்டால் அடுத்தடுத்த விண்ணப்பங்கள் சுலபம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் மேசைகள் வழியாக மேலே போகும். போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். விண்ணப்ப எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், "ஆவணம் தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்புவது குறையும்.

வருமானம் எவ்வளவு என்று கேட்டால் கடல் தொழிலாளிக்கு உடனே பதில் சொல்ல முடியாது. டீசல், ஐஸ், சாப்பாடு போக மிஞ்சியதில் படகுக்காரர் பங்கு, அப்புறம் ஆள் பங்கு. ஒரு வாரம் இறால் பட்டால் கையில் காசு, அடுத்த வாரம் வெறும் வலை. அதனால் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பத்தாவது படிக்கும்போது வாங்கிய வருமானச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அன்று 72,000 என்று போட்டு இன்று 24,000 என்று போட்டால் கேள்வி வரும். கூடியிருப்பது இயல்பு, பாதியாகக் குறைந்திருந்தால் காரணம் சொல்ல வேண்டும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் பழையதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கவும் முடியாது.

தகப்பனார் எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் வீடுகளும் நம் கரையில் உண்டு. அவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தாயார் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

கடைசியாகப் பள்ளியில் வாங்க வேண்டியது: 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்ற சான்றும், உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ்வழியில் படித்ததற்கான சான்றும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று பள்ளியிலும் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் எந்த நாள் வருவார் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

நான்காம் படி: ஒரு எழுத்து, ஒரு கணக்கு

பணம் நின்றுபோன வீடுகளில் பத்துக்கு எட்டில் காரணம் விதி இல்லை, பெயரும் வங்கிக் கணக்கும்தான். இது என் அனுபவத்துக் கணக்கு, அவ்வளவுதான்.

முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளியில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்புக்கில் இன்னொரு விதம். கிறித்தவ வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதார் எடுத்த அன்று பாட்டி சொன்ன பெயர் ஒன்று. இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை மூலமாக வைத்துக்கொண்டு ஆதாரைத் திருத்துங்கள். சான்றிதழைத் திருத்துவதைவிட ஆதாரைத் திருத்துவது எவ்வளவோ சுலபம்.

பிள்ளைக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆதாரில் கைரேகை, கருவிழியைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஐந்து வயதில் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை கட்டாயம். இதைச் செய்யாத பிள்ளைக்கு ஓடிபி, முக அடையாளம் என்று ஒவ்வொரு இடத்திலும் இடறும். மத்திய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறைப் பதிவுக்கே முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். ஆதாரோடு இணைந்த செல்போன் எண் தகப்பனாருடையதாக இருந்து, அவர் கடலில் இருந்தால் ஓடிபி கடலுக்குள்தான் போகும். பிள்ளையின் எண்ணையே இணையுங்கள்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்ற நேரடிப் பயன் இணைப்பும் நடந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று வங்கிகளிலேயே சிலர் சொல்கிறார்கள். ஒன்றில்லை. ஒருவருக்கு நான்கு கணக்கு இருந்தாலும் பணம் போவது கடைசியாக இந்த இணைப்பு நடந்த கணக்குக்கு மட்டும்தான். மைஆதார் தளத்தில் நுழைந்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும்.

என் அக்கா மகளுக்கு நடந்தது இது. ஐந்து மாதம் பணம் வரவில்லை என்று கல்லூரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பார்த்தால், எப்போதோ தெருவுக்கு வந்து கணக்குத் திறந்து கொடுத்த ஒரு வங்கியின் ஆள் அவளிடமும் கைரேகை வாங்கியிருக்கிறார். அட்டையும் தரவில்லை, புத்தகமும் தரவில்லை. ஐந்து மாதப் பணமும் அந்தக் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது. பணம் தொலையவில்லை, எடுக்கத்தான் இரண்டு நாள் அலைந்தோம். கல்லூரியில் சத்தம் போட்டதற்கு அப்புறம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

பள்ளியில் படிக்கும்போது திறந்த பழைய கணக்கு இருந்தால், அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்காகப் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கியிருக்கும். நூறு ரூபாய் போட்டு, அடையாள ஆவணங்களைப் புதுப்பித்து எழுப்பிவிடுங்கள். கிராமத்தில் வங்கிக் கிளை தூரம் என்றால் அஞ்சலக வங்கிக் கணக்கும் போதும், தபால்காரரே வீட்டுக்கு வந்து திறந்து தருவார்.

ஐந்தாம் படி: கல்லூரியில்

ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியோ, ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அரசுக் கல்லூரியோ, கீழக்கரைக் கல்லூரிகளோ, எங்கே சேர்ந்தாலும் நடைமுறை ஒன்றுதான். நீங்களாக நெட் சென்டரில் உட்கார்ந்து முடிக்கிற வேலை இல்லை இது. கல்லூரி உங்களை யூமிஸ் என்கிற உயர்கல்வித் தகவல் தளத்தில் பதிவு செய்து ஓர் எண் தரும். படகுக்கு டோக்கன் மாதிரி அது, அது இல்லாமல் எந்த உதவித்தொகையும் கிளம்பாது. பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் இருந்த எமிஸ் எண்ணை அதோடு இணைப்பார்கள். அந்த எமிஸ் எண்ணை மாற்றுச் சான்றிதழிலிருந்து குறித்துக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு நோடல் அலுவலர் இருப்பார், பெரும்பாலும் ஒரு பேராசிரியர். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸ் போர்டில் பெயர் வரட்டும் என்று காத்திருந்தால் கடைசித் தேதியும் அதே போர்டில்தான் வரும். அவர் பதிவேற்றும்போது பக்கத்தில் நின்று, 6 முதல் 12 வரையான பள்ளி விவரம் தளத்தில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உதவி பெறும் பள்ளி என்பது தனியார் என்று விழுந்திருந்தால் அப்போதே பள்ளிச் சான்றைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

போஸ்ட் மெட்ரிக்கும் இதே யூமிஸ் வழியாகத்தான். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு அது தானாக ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கச் சொல்வார்கள்.

ஆறாம் படி: பணம் வரவில்லை என்றால்

முதல் தவணைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், சரிபார்ப்பு முடியச் சில மாதங்கள் ஆகும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் அப்போது கிளம்புங்கள். முதலில் நேரடிப் பயன் இணைப்பு எந்த வங்கியில் என்று பாருங்கள். அப்புறம் நோடல் அலுவலர். அங்கே "எங்க பக்கம் எல்லாம் சரி" என்றால், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்டச் சமூகநல அலுவலகம். போஸ்ட் மெட்ரிக் என்றால் அந்தந்த நலத்துறை அலுவலகம். போகும்போது யூமிஸ் எண், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் மூன்றும் கையில் இருக்கட்டும்.

அதிலும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். திங்கள், புதன், சனிதான் ராமேஸ்வரம் விசைப்படகு கடலுக்குப் போகும் நாட்கள், ஆக அன்றைக்குத் தகப்பனார் வரமாட்டார். தாயாரும் பிள்ளையும் போனால் போதும், மனு பிள்ளையின் பெயரிலேயே இருக்கலாம். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். போக முடியாதவர்கள் முதலமைச்சரின் உதவி மையம் 1100-இல் சொல்லலாம்.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால்

கல்லூரி உதவித்தொகையைக் கல்லூரியில் போய் யோசிப்பது தாமதம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2023-இல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு தொடங்கினார்கள். 500 ஆண், 500 பெண் என 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். கேள்விகள் 9, 10-ஆம் வகுப்புப் பாடங்களிலிருந்து, கணிதம் ஒரு தாள், அறிவியலும் சமூக அறிவியலும் ஒரு தாள், தாளுக்கு 60 கேள்விகள். உண்மையான தகுதிப் போட்டி என்றால் அதுதான்.

எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வு. ஏழாவதில் 55 சதவீதம், குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள். முன்பு 1.5 லட்சம் என்றிருந்ததை உயர்த்தியிருக்கிறார்கள். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000. அரசு, உதவி பெறும் பள்ளிகளுக்கு உண்டு, தனியார் பள்ளிக்குக் கிடையாது.

தங்கச்சிமடத்து அக்கா ஜூன் முதல் வாரம் திரும்பவும் போன் செய்தார். மகளின் ஏழு வரியும் சரியாக இருந்தன, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. கேட்டது மகனைப் பற்றி. அவன் ஏழாவது முடித்திருக்கிறான், யூனியன் பள்ளி. எட்டாவதுக்கு மண்டபம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறாராம், வேன் வீட்டு வாசலுக்கே வருமாம். நான் கணக்கை மட்டும் சொன்னேன். திறனறித் தேர்வில் தேறினால் நான்கு வருடத்துக்கு 48,000. தமிழ்ப் புதல்வன் மூன்று வருடத்துக்கு 36,000, பொறியியல் என்றால் 48,000. 7.5 சதவீத ஒதுக்கீடு தனி. மாற்றினால் மூன்றும் போகும், ஃபீஸும் வேனும் கையிலிருந்து.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டிசி வாங்க நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இப்பவே அவர்ட்ட சொல்றேண்ணே, படகுல பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்காரு" என்று வைத்துவிட்டார்.